சாமியா, ஆசாமியா? – புதுச்சேரியில் வெள்ளைக்காரப் போலீசும் நம் சொற்களும்

புதுச்சேரிக்குச் செல்லும் இலக்கிய அன்பர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் தெரு, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. பாரதியார் குடியிருந்த வீடு அங்கே நினைவில்லமாக நிற்கிறது. நாங்கள் நான்கு பேர் ஒரு முற்பகலில் அங்கே சென்றிருந்தோம். பார்த்து முடித்து வெளியே வந்து நிழல் தேடி நின்றபோது, தெருமுனையில் சிவப்புத் தொப்பி அணிந்த காவலர் ஒருவர் வண்டிகளை ஒழுங்குசெய்துகொண்டிருந்தார். உருளை வடிவில் நிமிர்ந்து நிற்கும் அந்தத் தொப்பி பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றது. கெப்பி என்பது அதன் பெயர். எங்களுள் மூத்தவர் அதைச் சுட்டிக்காட்டி, "பாரதி இருந்த நாளில் இந்தத் தெருவில் நின்ற வெள்ளைக்காரப் போலீசுக்குத் தொப்பியே கிடையாது ஐயா!" என்றார். சிரித்துவிட்டு நகர்ந்தோம். ஆனால் அந்தப் பேச்சு திரும்பும் வழியெல்லாம் எங்களைத் தொடர்ந்தது. இக்கட்டுரை அதன் விளைவு.

அவர் சொன்னது வெறும் வேடிக்கை அன்று. 1908ஆம் ஆண்டு 'இந்தியா' இதழின் பதிவுபெற்ற ஆசிரியரான சீனிவாசனைச் சென்னையில் கைதுசெய்தார்கள். அடுத்த வாரண்டு தமக்கே என்றறிந்த பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் 'இந்தியா' இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் கப்பலில் வந்திறங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் வ.வே.சு. ஐயர் வந்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியார் முன்னரே இங்கிருந்தார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேய அரசின் வாரண்டு செல்லாது. ஆனால் ஆங்கிலேய அரசின் கண்கள் செல்லும்! சி.ஐ.டி. துறை புதுச்சேரியில் வீடு வாடகைக்கு எடுத்து ஆட்களை நிலையாகக் குடியமர்த்தியது. அந்நிய மண்ணில் சீருடை அணிய உரிமை இல்லையாதலால் அவர்கள் சாதாரண வேட்டி சட்டையில் நின்றார்கள். அரவிந்தருடன் வாழ்ந்த நளினி காந்த குப்தர் தம் நினைவுக் குறிப்புகளில் இதை விவரிக்கிறார்.

ஆக, இங்கே ஒரு விசித்திரமான போலீஸ். தொப்பி இல்லை, தடி இல்லை, பிடிக்கும் அதிகாரமும் இல்லை. நிற்க மட்டுமே முடியும். அவனுக்கு அரசு தராத சீருடையை ஊர்ப்பேச்சுதான் தைத்துப் போட வேண்டியிருந்தது. இதைப் புரிந்துகொள்ள, எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆண்ட தமிழகத்தில் போலீசைச் சுற்றி விளைந்த சொற்களை முதலில் பார்த்துவிட வேண்டும். நம்மை அறியாமல் எத்தனை கேலிகளை நாள்தோறும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறோம்!

சென்னை மாகாணப் போலீசுக்கு உருவம் கொடுத்தது 1859ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பே ஊர்க்காவலுக்குத் தலையாரி இருந்தார், பட்டணங்களில் கொத்தவால் இருந்தார் (கொத்தவால் சாவடி நினைவிருக்கிறதல்லவா?). புதுச்சேரியிலேயே பிரெஞ்சுக் கும்பினிக் காலத்தில் நகரக் காவலின் தலைவருக்கு 'நயினார்' என்று பெயர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவர் பலமுறை தலைகாட்டுகிறார். இவையெல்லாம் ஊரோடு ஒட்டிய பெயர்கள். 1859க்குப் பின் வந்தவர் ஊரோடு ஒட்டாதவர். சீருடையும் இலக்கமும் உடையவர். அவருக்குரிய அலுவற் சொற்கள் அரபு, இந்துஸ்தானி, ஆங்கிலம் என்று பல திசையிலிருந்தும் வந்தன. வந்த சொற்களைத் தமிழ் நாக்கு சும்மா விடவில்லை.

'டாணா' என்பது காவல் நிலையத்துக்குரிய இந்துஸ்தானிச் சொல். அதிலிருந்து பிறந்தவன் டாணாக்காரன். வழக்கொழிந்துவிட்டது என்று நாம் நினைத்த இச்சொல் 2022இல் ஒரு திரைப்படத்தின் பெயராகித் திரும்பி வந்தது. 'ஹெட்' கான்ஸ்டபிள் 'ஏட்டு' ஆனார். பிறகு மரியாதை சேர்த்து 'ஏட்டையா'. ஏடு என்றால் நமக்கு ஓலையும் நூலும். ஏடு திறவாதவருக்கும் ஏட்டையா பட்டம் கிடைத்த விந்தையை நம் தாத்தாக்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சிறு குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பெட்டி கேஸ்' ஆயிற்று. மூட்டை முடிச்சு எதுவும் இல்லாத ஏழையின்மேல்தான் இந்தப் 'பெட்டி' வழக்கு அதிகம் விழும் என்பது தனிக்கதை.

காவற்பணிக்குப் 'பாரா' என்று பெயர். இதுவும் வடக்கிலிருந்து வந்தது. ஆனால் தமிழ் இலக்கணப்படி 'பாரா' என்றால் பார்க்காத என்று பொருள் (பாராமுகம் என்கிறோமே, அதுபோல). விழித்திருந்து காக்க வேண்டியவருக்குப் 'பார்க்காதவர்' என்ற பெயர் தானாகவே வாய்த்துவிட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இரண்டு மொழிகள் இருட்டில் மோதிக்கொண்டதில் தெறித்த பொறி அது.

'லத்தி'யின் கதை இன்னும் சுவையானது. தடியைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல் தமிழுக்குள் நுழைந்தபோது, இங்கே ஏற்கெனவே ஓர் இலத்தி இருந்தது: யானை, குதிரை முதலியவற்றின் சாணம். போலீஸ்காரர் லத்தியோடு வருகிறார் என்று கேட்ட கிராமத்துப் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தால் அவர்மேல் பிழையில்லை. அதற்கும் மேலே ஒன்று. 'கான்ஸ்டபிள்' என்ற சொல்லின் மூலத்தைத் தேடிப் போனால் அது லத்தீன் மொழியில் குதிரை லாயத்துக்குத் தலைவன் என்று பொருள்படும் தொடரில் போய் முடிகிறது. லாயத்துத் தலைவன் கையில் இலத்தி இருப்பதுதானே முறை! ஆயிரம் ஆண்டு நடந்து இரண்டு சொற்களும் மீண்டும் ஒரே லாயத்தில் வந்து சேர்ந்தனவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

'கச்சேரி' என்றால் இன்று நமக்குப் பாட்டும் மிருதங்கமும் நினைவுக்கு வருகின்றன. அன்றோ அது அலுவலகம். தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி. மயிலாப்பூரின் கச்சேரி சாலைக்குப் பெயர் தந்தது பாட்டு அன்று, அலுவலகம். "அவன் கச்சேரிக்குப் போயிருக்கிறான்" என்ற வாக்கியம் இரு பொருளில் நின்ற காலம் ஒன்று இருந்தது. உள்ளே இழுத்துச் செல்லப்பட்டவன் போடும் கூச்சலையும் பாடகரின் ஆலாபனையையும் ஒரே சொல் தாங்கியது. தனி ஆவர்த்தனம் யாருடைய முதுகில் நடந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

'மாமூல்' என்பது அரபு வழி வந்தது. 'வழக்கமானது' என்பதே அதன் பொருள். தமிழில் அது போலீஸ்காரருக்குக் கொடுக்கும் கையூட்டின் பெயராயிற்று. குற்றத்துக்கு 'வழக்கம்' என்று பெயர் வைத்தது மக்களின் குசும்பா, அல்லது சலிப்பா? வெள்ளைக்கார அரசு 1902இல் அமைத்த ஃபிரேசர் குழுவே, போலீஸ் ஊழல் மலிந்தது, மக்களை ஒடுக்குவது என்று எழுதிவைத்தது. அக்குழு பல பக்கங்களில் சொன்னதை நம் மக்கள் ஒரே சொல்லில் அடக்கியிருந்தார்கள். (அதே குழுவின் பரிந்துரையால்தான் மாகாணந்தோறும் சி.ஐ.டி. துறை ஏற்பட்டது. பாரதியின் தெருமுனையில் நின்ற ஆட்களும் அந்தப் பரிந்துரையின் பிள்ளைகளே.)

சிறைக்கு 'மாமியார் வீடு'. இது நம் தனிச்சொத்து என்று எண்ணியிருந்தோம். இந்தியிலும் வங்காளியிலும் சிறைக்கு இதே பெயர்தான் என்று பின்னர் அறிந்தபோது சற்று ஏமாற்றமாகவும் சற்றுப் பெருமையாகவும் இருந்தது. செலவில்லாத சாப்பாடு, வெளியே விடாத உபசாரம்! பாரத நாடு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் கருத்தொற்றுமை கொண்டிருந்திருக்கிறது. தப்பி ஓடுபவன் 'கம்பி நீட்டுகிறான்', அகப்பட்டவன் 'கம்பி எண்ணுகிறான்'. கம்பி ஒன்றே, வினை மாறும்போது விதியும் மாறிவிடுகிறது. ஏமாற்றுக்காரனுக்கு 'நானூற்று இருபது' என்ற பட்டம் ஆங்கிலேயர் தந்த தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் ஏமாற்றுக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஆனால் யாரையாவது 'முந்நூற்றுப் பதினெட்டு' என்று திட்டிப் பாருங்கள். கோபம் வராது.

இப்படிப்பட்ட விளையாட்டு உலகெங்கும் உண்டு. லண்டன் நகரப் போலீசை 1829இல் உருவாக்கியவர் ராபர்ட் பீல். அவர் முதற்பெயரின் செல்ல வடிவால் போலீஸ்காரர் 'பாபி' ஆனார். குடும்பப் பெயரால் 'பீலர்' ஆனார். அமைச்சர் ஒருவரை ஆயிரக்கணக்காகப் பெருக்கித் தெருவெங்கும் நிறுத்திய கேலி அது. 'பாபி'யில் ஓரளவு அன்பு உண்டு. அயர்லாந்தில் 'பீலர்' என்றபோது அன்பு இல்லை. பிரெஞ்சில் போலீஸ்காரருக்குக் 'கோழி' என்று பெயர். பாரிசில் போலீஸ் தலைமையகம் பழைய கோழிச் சந்தை இருந்த இடத்தில் அமைந்ததால் வந்தது என்பர். ஒற்றனுக்குரிய பிரெஞ்சுச் சொல்லான 'மூஷார்', ஈயைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. சொல்லிப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். ஈ கடிக்காது, விரட்டினால் போகும், திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். மலாய் மொழியிலோ போலீசுக்குக் 'கண்' என்பதையே இரட்டித்து 'மாத்தா-மாத்தா' என்று பெயர்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது வங்காளியர் ஆக்கியது. 'டிடெக்டிவ்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'டிக்டிக்கி' ஆயிற்று. டிக்டிக்கி என்றால் பல்லி! சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டு, இருப்பதே தெரியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்து, திடீரென்று ஒரு சத்தம் போட்டு உயிரை வாங்குவது. சி.ஐ.டி.யை இதைவிடத் துல்லியமாக வருணிக்க முடியுமா? சீருடைப் போலீசுக்கு வங்காளத்தில் 'லால் பக்டி', அதாவது சிவப்புத் தலைப்பாகை. அரவிந்தரோடும் அவருக்குப் பின்னும் புதுச்சேரிக்கு வந்த வங்காள இளைஞர்கள் இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். பல்லி விழும் பலன் பார்க்கும் தமிழர்களிடையே வந்து தங்கினார்கள்.

அந்தப் புதுச்சேரி எப்படிப்பட்ட ஊர்? அங்கே எவருக்கும் பட்டப்பெயர் உண்டு. பாரதி குழாத்தினர் இதில் கைதேர்ந்தவர்கள். வீட்டுக்காரருக்கு 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று பெயர். முத்தியாலுப்பேட்டைக் கிருஷ்ணசாமி செட்டியார் குட்டையாய்க் கனத்திருந்ததால் 'வெல்லச்சு'. இன்னொருவர் 'எலிக்குஞ்சுச் செட்டியார்'. பாரதி குருவாக மதித்த பெரியவரோ குள்ளச்சாமி, மாங்கொட்டைச் சாமி. வ.ரா. முதலியோரின் எழுத்துகளில் இப்பெயர்களைப் படிக்கையில், பெயர் வைப்பது அக்கூட்டத்தின் பொழுதுபோக்கு மட்டும் அன்று, சுவாசமே அதுதான் என்று தோன்றும். யாரையும் உற்றுப் பார்த்து ஒரு சொல்லில் பிடித்துவிடும் கண் அது. உற்றுப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கி வந்தவர்கள் அந்தத் தெருவில் நின்றபோது, பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்ற கணக்கு எளிதில் தலைகீழானது.

ஊரார் இவர்களைச் 'சுதேசிகள்' என்றனர். சட்டத்தின் முன் இவர்கள் அந்நியர். ஆஷ் துரை 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டிய காலத்தில் நெருக்கடி முற்றியது. அந்நியராக வந்து தங்கியிருப்போர் ஊர்ப் பிரமுகர்கள் ஐவரின் நற்சான்று பெற வேண்டுமென்று விதி வந்தது. கலவை சங்கர செட்டியார் முதலிய உள்ளூர்ப் பெரியோர் துணைநின்றனர். சுதேசிகள் தாம் பரதேசிகள் அல்லர் என்று ஐந்து பேரைக் கையெழுத்திட வைக்க வேண்டியிருந்தது என்றால், காலத்தின் கேலியை என்னவென்பது!

இங்கேதான் தலைப்பில் உள்ள சொல் வருகிறது. 'ஆசாமி' என்பது அரபு வழிவந்த கச்சேரிச் சொல். வங்காளியில் இன்றும் அதற்குக் குற்றஞ்சாட்டப்பட்டவன் என்றே பொருள். தமிழில் 'யாரோ ஒருவன்' என்று நீர்த்துப்போயிற்று. ஆனால் 'சாமி'க்கு முன்னால் ஓர் 'ஆ' சேர்ந்தால் ஆள் மாறிவிடுகிறான் என்ற வேடிக்கையைத் தமிழர் கைவிட்டதில்லை. புதுச்சேரியில் அன்று இது உயிர்பிழைக்கும் கேள்வி. திண்ணையில் வந்து உட்காரும் காவி வேட்டிக்காரர் சாமியா, ஆசாமியா? வள்ளுவர் 'ஒற்றாடல்' என்ற 59ஆம் அதிகாரத்தில், துறவியின் கோலத்தில் புகுந்து உளவறிவதைப் பற்றிப் பேசுகிறார். புதுச்சேரியிலோ ஒற்றன் மட்டும் வேடமிடவில்லை. ஒற்றனுக்குத் தப்பியவர்களும் வேடமிட்டே வந்தார்கள். அரவிந்தர் கப்பலில் ஏறியது 'ஜோதீந்திரநாத் மித்ரா' என்ற பெயரில். வ.வே.சு. ஐயர் வந்திறங்கியது முஸ்லிம் வேடத்தில்.

ஐயரைப் பற்றி ஒரு கதை உண்டு. பலரும் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். லண்டனிலிருந்து சீக்கியர் கோலத்தில் தப்பிச் செல்லும்போது ஓர் ஒற்றன் நெருங்கி, நீங்கள்தானே வி.வி.எஸ். ஐயர் என்ற பொருளில் பேச்சுக் கொடுத்தானாம். பெட்டியின்மேலோ மூன்று எழுத்துகள் பளிச்சென்று நிற்கின்றன. ஐயர் அசையவில்லை; "என் பெயர் வீர விக்ரம் சிங்" என்றாராம். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியத்தின் அதே மூன்று எழுத்து! தலையெழுத்தை மாற்ற முடியாது என்பார்கள். தலைப்பெழுத்தின் பொருளை மாற்றியே ஒருவர் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். போலீசை ஏமாற்றிய சிலேடைகளுள் இதைவிடச் சுருக்கமானதை நாங்கள் கேட்டதில்லை.

தப்பி வந்தவரை இங்கும் விடவில்லை. ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கையில் மூடிய ஜாடி ஒன்று மேலே வந்தது. உள்ளே அரசுக்கு எதிரான துண்டறிக்கைகள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறோம். வெட்டி முடித்த கிணற்றுக்குள் பூதத்தைக் கொண்டுவந்து போட்ட கதை இது. நண்பர்கள் கூடிப் பேசி, தாமே பிரெஞ்சுப் போலீசிடம் சென்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பின்னும் புகார்களின்பேரில் சோதனை நடந்தது. அரவிந்தர் வீட்டுக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி, வெடிகுண்டுக்குப் பதில் லத்தீன், கிரேக்க நூல்களைக் கண்டு வியந்து, மரியாதையோடு திரும்பினார். லத்தீன் தெரிந்தவர் குற்றவாளியாக இருக்க முடியுமா என்பது அவர் எண்ணம் போலும்! எங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று அது உதவியது.

அரவிந்தர் வீட்டுக்குள்ளேயே ஓர் ஒற்றன் இருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. வங்காளத்திலிருந்து வந்த நோயாளி அன்பர் ஒருவருக்குத் துணையாக வந்தவன்; சமையல் செய்தான்; எல்லோரோடும் கலந்து பழகினான். ஒருநாள் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றான். அவனைப் பார்த்து மற்றோர் இளைஞரும் விளையாட்டாகத் தாமும் மொட்டையடித்துக்கொள்ளப் போகிறேன் என்றார். இவன் தடுத்தான், பலமுறை தடுத்தான். அவரோ கேட்கவில்லை. இரண்டு மொட்டைகளும் எதிரெதிரே நின்றபோது இவன் முகம் வெளுத்துவிட்டது. தனக்கு மாற்றாக வரவிருக்கும் புதிய ஒற்றன் தன்னை அடையாளம் காண்பதற்கென்று ஏற்படுத்திய குறி, அந்த மொட்டை! கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நடுங்கி, தானாகவே உண்மையைக் கக்கி, போலீசிடம் பெற்ற பணத்தை அரவிந்தர் காலடியில் வைத்து அழுதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். இங்கே முடிச்சு மொட்டையிலேயே இருந்தது. அவிழ்த்தவருக்கோ தாம் அவிழ்த்தது தெரியாது. பெயரில்லாத கடிதத்தை நாம் 'மொட்டைக் கடிதம்' என்கிறோம். அந்த வீட்டுக்கு அது நடந்துவந்து சமையலும் செய்தது.

சொற்களாலேயே சுவர் எழுப்பவும் செய்தார்கள். சந்திரநாகூரிலிருந்த மோதிலால் ராய்க்கு அரவிந்தர் எழுதிய கடிதங்களில் புரட்சி வேலைகளுக்குத் 'தாந்திரிகக் கிரியை' என்று பெயர். பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கு அது பூசை. உரியவருக்குப் பூசைக்காய் எதுவென்று தெரியும். பாரதி ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன், நித்தியதீரர் என்று பல பெயர்களில் எழுதினார். எல்லாம் மறைவதற்காக என்று சொல்லிவிட முடியாது; பெயர்மேல் அவருக்கு இருந்த காதலும் அதில் உண்டு. அவரிடம் பயின்ற கனகசுப்புரத்தினம், பின்னாளில் பாரதிதாசன் என்று உலகறிந்தவர், 'கிண்டற்காரன்', 'கிறுக்கன்' என்றெல்லாம் புனைபெயர் வைத்துக்கொண்டார். மரபு தொடர்ந்தது!

இத்தனை விளையாட்டையும் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் அரசின் மொழிபெயர்ப்பாளர். சென்னை மாகாணத்தில் நாட்டுமொழி இதழ்கள் அனைத்தையும் படித்து, ஐயத்துக்குரிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அரசுக்கு மந்தணமாக அறிக்கை அனுப்பும் முறை இருந்தது. 'இந்தியா'வின் பக்கங்களும் அந்த மேசைக்குப் போயின. அந்தத் தமிழ் அறிந்த எழுத்தரை எண்ணும்போது எங்களுக்கு ஒருவித இரக்கம் உண்டாகிறது. கேலியின் பொருளை எழுதிவிடலாம். கேலியை எழுத முடியாது. லத்தியில் உள்ள சாணத்தையும், பாராவில் உள்ள பாராமையையும், ஆசாமியில் உள்ள சாமியையும் எந்த ஆங்கிலத்தில் வைப்பது? மேலதிகாரிக்குச் சென்ற தாளில் சினம் மட்டும் மிஞ்சியிருக்கும், சிரிப்பு வடிகட்டப்பட்டிருக்கும். சிரிக்கத் தெரியாத கூட்டமாகவே அவர்கள் இவர்களைப் படித்தார்கள்.

ஆனால் சிரிப்பால் எல்லையைத் தாண்ட முடியாது. பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டு நிலமும் அன்று. ஊர்களும் வயல்களும் இரு அரசுகளுக்கும் மாறி மாறிச் சொந்தம். நடந்து போகையில் எங்கே ஒரு நாடு முடிந்தது என்று கவனிக்கத் தவறினால் மாமியார் வீடுதான். அரவிந்தரோடு வந்த விஜய் நாகர், முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் வங்காளம் போக எண்ணி எல்லையைக் கடந்தார். கைதாகிப் போர்க்காலம் முழுதும் அடைபட்டிருந்தார். 1918 நவம்பர் 20 அன்று பாரதியும் கடந்தார். பத்தாண்டுக் காலம் தெருமுனையில் வெறுங்கையோடு நின்ற போலீசுக்குக் கடலூரில் கையும் வாரண்டும் கிடைத்தன. டிசம்பர் 14 அன்று விடுதலை. நிபந்தனைகளுள் ஒன்று இது: எழுதி வெளியிடக் கருதும் எதையும் முன்னதாக சி.ஐ.டி. தலைமைக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். கடையத்தில் போய்த் தங்கிய கவிஞருக்கு, அந்தத் தடை 1920இல் நீங்கும்வரை, முதல் வாசகர் போலீஸ்.

நண்பர்களே, இவ்வளவு எழுதியதும் உண்மையில் ஒரே ஒரு செய்திக்காகத்தான். பாரதியின் நகைச்சுவை முழு வீச்சில் வெளிப்பட்ட உரைநடை எதுவென்று கேட்டால், 'சின்னச் சங்கரன் கதை' என்போம். எட்டயபுரத்தை நினைவூட்டும் ஒரு ஜமீனையும், அதன் புலவர் கூட்டத்தையும், தம் சொந்தச் சிறுவயதையும் அவர் அதில் ஓட ஓட அடிக்கிறார். போலீசைப் பற்றிய கதை அன்று அது. புதுச்சேரியில் அதை அவர் எழுதிவைத்திருந்தார். கேட்ட நண்பர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒருநாள் கையெழுத்துப்படியைக் காணவில்லை. உளவு பார்க்க வந்த கையாள்தான் களவாடிச் சென்றான் என்று சொல்லப்படுகிறது. அரசியல் சதி எழுதியிருக்கிறதென்று அந்த ஆசாமி நினைத்தானோ, அல்லது கைக்கு அகப்பட்டதை எடுத்தானோ! நினைவிலிருந்து மீண்டும் எழுத முற்பட்டு, பாரதி சில அத்தியாயங்களோடு விட்டுவிட்டார். நினைவில்லத்திலிருந்து திரும்பிய அன்றிரவு அதை எடுத்து மீண்டும் ஒருமுறை உரக்கப் படித்தோம். நால்வரும் சிரித்துக்கொண்டே இருக்கையில் பக்கம் முடிந்துவிட்டது. அச்சில் அது இன்றும் பாதியில்தான் நிற்கிறது.